டாட்ஜுக்கு எந்த கியர்பாக்ஸ்? ஏற்காடு இறக்கத்தை வைத்து ஒரு கணக்கு

காபி மூட்டை இறக்கப் போன அன்று, மலைப்பாதையில் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவுக்குக் கொஞ்சம் மேலே, எங்கள் பழைய டாட்ஜ் வண்டியின் மூன்றாவது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிட்டது. கியர் தடி டிரைவர் மாமாவின் முழங்காலில் தட்டியது. அதுவரை உறுமிக்கொண்டு வந்த இன்ஜின் சட்டென்று அடங்கியது. பின்னால் பதின்மூன்று மூட்டை. மாமா பிரேக்கை மிதித்துக்கொண்டே ஒரு கிளட்ச், ஆக்சிலேட்டரில் ஒரு தட்டு, மறுபடி ஒரு கிளட்ச் என்று போட்டு இரண்டாவதில் தள்ளினார். பல் ஒருமுறை நறநறத்தது, அப்புறம் விழுந்தது. கீழிருந்து ஏறி வந்த பஸ் ஹாரன் அடித்ததே எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அந்த கியர்பாக்ஸை இனி என்ன செய்வது என்று சேலத்தில் பார்த்தவர்களை எல்லாம் கேட்டேன். பத்துப் பேர் பத்து யோசனை சொன்னார்கள். எல்லா யோசனையும் ஒரே இடத்தில்தான் தொடங்கியது: "ஏத்தத்துல நல்லா இழுக்கணும்ல?" இழுப்பதில் எங்கள் வண்டிக்கு ஒரு நாளும் குறை இருந்ததில்லை. மலை வண்டிக்கு கியர் பெட்டி தேடுகிறவர் முதலில் இறக்கத்தில் நின்று யோசிக்க வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க நான் அந்த இடத்தில் நின்றுதான் பார்க்கிறேன்.

வண்டி டாட்ஜ் டபிள்யூசி-52. இரண்டாம் உலகப் போருக்காக 1942 முதல் 1945 வரை அமெரிக்காவில் செய்த முக்கால் டன் ராணுவ வண்டி, முன் பம்பரில் வின்ச் (கயிறு சுற்றி இழுக்கும் உருளை) உள்ள ரகம். போர் முடிந்து டிஸ்போசலில் விற்ற வண்டிகளில் ஒன்றைத் தாத்தா எடுத்தார். ஸ்டியரிங் இடது பக்கம். ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், 230 கன அங்குலம், அதாவது நம் கணக்கில் 3.8 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நிமிடத்துக்கு 3200 சுற்றில் 92 குதிரைத்திறன். நான்கு கியர், எதிலும் சிங்க்ரோ (ஓடும்போது வேகத்தைச் சமன்செய்து கியரை உரசாமல் விழவைக்கும் வளையம்) கிடையாது. அதற்குப் பின்னால் ஒரு குட்டி ஷாஃப்ட், அப்புறம் தனியாக சேஸில் தொங்கும் டிரான்ஸ்ஃபர் பெட்டி, இன்ஜின் சக்தியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்து அனுப்புவது. அதில் முன் ஆக்சிலைச் சேர்க்கலாம், கழற்றலாம், அவ்வளவுதான். ஜீப்பில் இருப்பது போல 'லோ', அதாவது வேகத்தை இன்னும் குறைத்து இழுப்பைக் கூட்டும் கியர், கிடையாது.

இந்த 'தனியாகத் தொங்கும்' சமாசாரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஜீப்பில் டிரான்ஸ்ஃபர் கியர்பாக்ஸின் முதுகிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், ஒன்றை மாற்றினால் மற்றதும் போகும். டாட்ஜில் இரண்டும் தனித்தனிக் குடித்தனம். முன்னால் எந்தப் பெட்டி வந்தாலும், நடுவில் உள்ள குட்டி ஷாஃப்ட்டை நீட்டியோ குறைத்தோ சேர்த்துவிடலாம். இந்த வண்டிக்கு இத்தனை யோசனை வந்ததற்கே காரணம் அதுதான்.

இப்போது இறக்கம். ஏற்காடு 1515 மீட்டர் உயரம், சேலம் நகரம் முந்நூறு மீட்டருக்கும் கீழே. இடையில் 20 கொண்டை ஊசி வளைவு. வண்டி இரண்டரை டன், சுமையோடு மூன்று டன்னைத் தாண்டும். மூன்று டன்னை 1200 மீட்டர் கீழே இறக்கும்போது வெளியாகிற ஆற்றலைக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய பத்து யூனிட் கரண்ட் வருகிறது. கரண்ட் பில்லில் எழுதுகிற அதே யூனிட். அந்தப் பத்து யூனிட்டும் சூடாக மாறி எங்காவது போயாக வேண்டும். ஒன்று நான்கு பிரேக் டிரம்முக்குள் போகும், இல்லை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். இன்ஜின் வாங்க வேண்டுமென்றால் சரியான கியர் விழுந்திருக்க வேண்டும், விழுந்த கியர் நிற்கவும் வேண்டும்.

பழைய பெட்டியின் விகிதங்கள் (வெளியே ஒரு சுற்றுக்கு இன்ஜின் எத்தனை சுற்று என்பது) 6.40, 3.09, 1.69, கடைசி நேரடி. ஆக்சிலில் 5.83. ஒன்பது அங்குல அகல டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.65 மீட்டர் போகும். இன்ஜின் 2000 சுற்றில் ஓடினால் இரண்டாவது கியரில் 18 கிலோமீட்டர் வேகம், மூன்றாவதில் 32. வளைவுக்கு இரண்டாவது, வளைவுக்கும் வளைவுக்கும் நடுவே மூன்றாவது என்று ஏற்காடு பாதைக்கே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. ஆகவே விகிதத்தில் எனக்குப் புகாரே இல்லை. புகார் வேறு: மூன்றிலிருந்து இரண்டுக்கு ஓடும்போதே இறங்குவது. சிங்க்ரோ இல்லாத பெட்டியில் அதற்கு, அன்று மாமா செய்தது போல, டபுள் கிளட்ச் போட வேண்டும். தவறினால் கையில் இருப்பது நியூட்ரல், காலடியில் இருப்பது பள்ளம்.

சரி, யோசனைகளுக்கு வருவோம். முதலாவது, இருப்பதையே பிரித்துச் சரிசெய்வது.

பெட்டியை இறக்கி, செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு பட்டறை மேசையில் வைத்தோம். மெக்கானிக் அண்ணன் மேல்மூடியைத் திறக்கும் முன் ஒரு வேலை செய்தார். உள்ளே போகும் ஷாஃப்ட்டில் சாக்பீஸால் ஒரு கோடு, வெளியே வரும் பக்கம் ஒரு கோடு. முதல் கியரைப் போட்டுக் கையால் சுற்றச் சொன்னார். நான் எண்ணினேன். இந்தப் பக்கம் முப்பத்திரண்டு சுற்று முடிந்தபோது அந்தப் பக்கம் சரியாக ஐந்து சுற்று முடிந்து கோடு மேலே வந்து நின்றது. முப்பத்திரண்டை ஐந்தால் வகுத்தால் 6.4. "புஸ்தகத்துல இருக்கறது சரிதான் தம்பி, யாரும் உள்ள கை வைக்கல" என்றார். பழைய பெட்டி வாங்கப் போகிறவர்கள் இதை அப்படியே செய்யலாம். சாக்பீஸ் ஒரு ரூபாய், கடைக்காரர் வாய்வார்த்தையைவிட நம்பகமானது.

மூடியைத் திறந்ததும் காரணம் தெரிந்தது. மூன்றாவது கியரின் பற்கள் நுனியில் பென்சில் சீவியது மாதிரி சரிவாகத் தேய்ந்திருந்தன. பற்கள் நேராக இருந்தால் சுமை அவற்றைப் பிடித்து வைக்கும், சரிவாகிவிட்டால் அதே சுமை வெளியே தள்ளும். இறக்கத்தில் சக்கரம் இன்ஜினைச் சுற்றும்போது தள்ளு எதிர்ப்பக்கமாகத் திரும்புவதால் ஏற்றத்தில் நிற்கிற கியர் இறக்கத்தில் கழலும். கூடவே, ஷிஃப்ட் கம்பியைப் பிடிக்கும் குண்டின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது, மெயின் ஷாஃப்ட்டின் முன் பேரிங்கில் ஆட்டம் இருந்தது. பேரிங் பெரிய விஷயமில்லை, அதில் பொறித்த எண்ணைத் துடைத்துப் படித்து அதே அளவில் சேலத்திலேயே வாங்கிவிடலாம். பல்தான் செலவு. கோவையில் மாதிரி கொடுத்தால் வெட்டி, கடினப்படுத்தித் தருகிறார்கள். ஒன்றை மட்டும் வெட்டி, தேய்ந்த ஜோடியோடு ஓட விடக்கூடாது, இரண்டையும் வெட்ட வேண்டும். இங்கே மிச்சம் பிடிப்பவர்கள் ஆறு மாதத்தில் திரும்ப வருவார்கள்.

பழையதைச் சரிசெய்தால் வின்ச் தப்பிக்கும். வின்ச்சை ஓட்டும் பி.டி.ஓ. இந்தப் பெட்டியின் பக்கவாட்டில்தான் மாட்டியிருக்கிறது. சவுக்கு மரம் விழுந்தால் இழுக்க எனக்கு அது வேண்டும் (எங்கள் பக்கம் சில்வர் ஓக்கைச் சவுக்கு என்றே சொல்வோம், வெளியூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம்). தப்பாதது, டபுள் கிளட்ச். மாமாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. அவருக்குப் பிறகு யார்?

இந்தக் கேள்வியைத்தான் மெக்கானிக் அண்ணனும் பிடித்துக்கொண்டார். அவருடைய யோசனை டாடா 407 குட்டி லாரியின் ஐந்து கியர் பெட்டி. "407 பெட்டி போட்டா எந்தப் பையனும் ஓட்டுவான் தம்பி. சாமானம் சங்ககிரி, நாமக்கல்னு எங்க போனாலும் கிடைக்கும். உங்க தாத்தா பெட்டிக்கு ஒரு பல்லு வேணும்னாலும் நீங்க கோயம்புத்தூரு போவணும்."

இதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. 407 வந்தது 1986-இல். லாரி ஊரான நம் வட்டாரத்தில் அதன் பெட்டியைக் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரிப்பவர்கள் இருக்கிறார்கள். சிங்க்ரோ உண்டு. டாட்ஜின் டிரான்ஸ்ஃபர் தனியாக இருப்பதால் அதையும், அதன் வாலில் உள்ள ஹேண்ட் பிரேக் டிரம்மையும் தொட வேண்டியதில்லை. ஹேண்ட் பிரேக் அங்கேதான் இருக்கிறது, பின்சக்கரத்தில் இல்லை. இதைத் தெரியாமல் டிரான்ஸ்ஃபரைக் கழற்றி எறிந்துவிட்டு, அப்புறம் மேட்டில் வண்டிக்குக் கல் வைத்து நிறுத்தும் ஆட்களும் இருக்கிறார்கள்.

வில்லங்கம் எங்கே என்றால், இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவில். டாட்ஜின் பெல் ஹௌசிங்கில் 407 பெட்டி உட்காராது. அடாப்டர் பிளேட் கடைய வேண்டும். கிளட்ச் பிளேட்டின் நடுவில் ஸ்ப்லைன் (ஷாஃப்ட் நுழையும் பல்வரிசை) மாற வேண்டும். பெட்டியின் முன் ஷாஃப்ட்டின் மூக்கு, கிராங்க் ஷாஃப்ட்டின் குழிக்குள் உள்ள பைலட் புஷ்ஷில் சரியாகப் போய் உட்கார வேண்டும். இந்த மூன்றில் உயிர்நாடி மூன்றாவது. கிராங்க்கின் மையமும் பெட்டியின் மையமும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் புதுப் பெட்டியும் கியரைக் கக்கும். எந்த வியாதிக்காக மாற்றினோமோ அதே வியாதி திரும்ப வரும். ஆகவே பிளேட் கடைபவரிடம் டயல் இண்டிகேட்டர் (மைய விலகலை அளக்கும் கருவி) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கண்ணளவில் பிளேட் கடையும் ஆளிடமிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

இன்னொன்று, 407 என்றால் ஒரே பெட்டி இல்லை. வருஷத்துக்கும் மாடலுக்கும் தக்கபடி மாறும். சாக்பீஸோடு போய், ஒவ்வொரு கியரிலும் எண்ணிப் பார்த்து, நம் 3.09-க்கும் 1.69-க்கும் அருகில் எது வருகிறதோ அதை எடுக்க வேண்டும். முதல் கியரை யாரும் கவனிக்க வேண்டாம். வின்ச் வேண்டுமென்றால் டிப்பரில் ஓடிய பெட்டியாகத் தேடலாம், அதில் பி.டி.ஓ. மாட்டும் வாய் இருக்கும். ஆனால் சுற்றும் திசையைப் பார்த்துக்கொள்ளுங்கள், தலைகீழாகச் சுற்றினால் வின்ச் கயிற்றை உள்ளே இழுக்க வேண்டிய இடத்தில் வெளியே விடும்.

அடுத்தது, பழைய வண்டிப் பிரியர்கள் எல்லோரும் சொல்லி வைத்த மாதிரிச் சொன்ன யோசனை: இரண்டு வேக டிரான்ஸ்ஃபர். போருக்குப் பின் 1946 முதல் டாட்ஜ் விற்ற பவர் வேகனில் இதே மாதிரித் தனியாகத் தொங்கும் டிரான்ஸ்ஃபர், ஆனால் 1.96 விகிதத்தில் லோ உண்டு. அதைப் போட்டால் ஆக்சிலையும் சேர்த்து முதல் கியரின் மொத்த விகிதம் 37-இலிருந்து 73-க்குப் போகும். இன்ஜின் 1000 சுற்றில் ஓட, வண்டி மணிக்கு இரண்டு கிலோமீட்டரைச் சற்றே தாண்டி ஊரும். மாட்டுக்கு முன்னால் நடக்கிற வேகம்கூட இல்லை. எனக்கும் ஆசை வந்தது. சொல்லப்போனால் இரண்டு வாரம் இதுதான் முடிவு என்று வீட்டில் அறிவித்துவிட்டுத் திரிந்தேன்.

ஆசையை அடக்கியது ஒரு சின்ன விவரம். இந்த மாதிரி டிரான்ஸ்ஃபரில் லோ போட வேண்டுமென்றால் முன் ஆக்சிலும் சேர்ந்திருக்க வேண்டும். அத்தனை முறுக்கும் பின் ஆக்சில் ஒன்றுக்கே போய் உடையாமல் இருக்கத்தான் அந்தப் பூட்டு. முன்னும் பின்னும் சேர்ந்துவிட்டால், வேக வித்தியாசத்தைச் சமாளிக்க நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன்சக்கரம் பெரிய வட்டம் போடும், பின்சக்கரம் சின்ன வட்டம் போடும். சேற்றில், சரளையில் சக்கரம் கொஞ்சம் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். தார் ரோட்டில் வழுக்காது. முறுக்கு ஷாஃப்ட்டிலும் கிராஸிலும் முன்சக்கர ஜாயின்ட்டிலும் ஏறிக்கொண்டே போகும், ஸ்டியரிங் கல்லாகும். அப்படியே இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கினால் சேலத்தில் வந்து எண்ண வேண்டியது உடைந்த சாமானை. ஆக, எதற்காக லோ வாங்குகிறோமோ அந்தத் தார் இறக்கத்தில் அதைப் போடவே முடியாது.

அப்படியானால் லோ வீணா? இல்லை. நாகலூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்துக்குள் ஒரு மண்தடம் இருக்கிறது. மழை பெய்தால் சிவப்புச் சேறு, காபிச் செடிக்கு நடுவே இரண்டு வளைவு, ஓடையில் முடியும். அங்கே லோ தங்கம். தோட்டத்தை விட்டு இறங்காத வண்டிக்கு இதைவிட நல்ல செலவு வேறில்லை.

நான்காவதாக ஒன்று இருக்கிறது. கேட்டதும் எல்லாப் பிரச்சினையும் தீர்ந்தது போலத் தோன்றும். பின்னால் வந்த பவர் வேகன்களில் நியூ பிராசஸ் 420 என்று ஒரு நான்கு கியர் பெட்டி உண்டு. விகிதம் நம்முடையதே, முதல் கியர் 6.40. இரண்டு, மூன்று, நான்கில் சிங்க்ரோ. பி.டி.ஓ. வாய் உண்டு. பழைய இடத்தில் கிட்டத்தட்ட அப்படியே உட்காரும். இப்படி ஒரு பெட்டி சேலத்தில் கிடைத்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்கவே மாட்டேன். அமெரிக்காவிலிருந்து வரவழைக்கலாம். அத்தனை இரும்பைக் கப்பலில் ஏற்றி, வரி கட்டி, பெட்டியைத் திறந்து பார்க்கும் வரை உள்ளே பல் இருக்கிறதா என்று தெரியாமல் காத்திருக்கும் தைரியம் உள்ளவர்களுக்கு இது முதல் தேர்வு. எண்ணெய் மட்டும் பார்த்து ஊற்றுங்கள், சிங்க்ரோ வளையம் வெண்கலம், ஜி.எல்-4 ரகம்தான் அதற்கு ஆகும்.

இனி, முழுவதையும் தூக்கிப் போட்டுவிட்டு டீசல் இன்ஜினோடு சேர்த்து மாற்றும் யோசனை. பெட்ரோல் குடிக்கும் கணக்கைப் பார்த்தால் யாருக்கும் இந்த எண்ணம் வரும். ஆனால் இறக்கத்தில் நின்று பாருங்கள். பெட்ரோல் இன்ஜினில் காலை எடுத்தால் கார்புரேட்டரின் கதவு மூடிக்கொள்ளும். பிஸ்டன் மூச்சு இழுக்க முடியாமல் திணறும், அந்தத் திணறல்தான் வண்டியைப் பிடிக்கிறது. டீசலில் அந்தக் கதவே இல்லை, காற்று தாராளமாகப் போய் வரும், பிடிப்பு குறைவு. லாரிகளில் எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வெளியேறும் வழியை அடைத்து இன்ஜினைத் திணறவைக்கும் கதவு) வைப்பது அதனால்தான். டீசல் போடுகிறவர் அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், பலர் சேர்ப்பதில்லை. ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையின் ராணுவ வண்டியான ஜோங்காவிலிருந்து பெட்டியும் டிரான்ஸ்ஃபரும் ஜோடியாக எடுத்துப் போடு என்றும் ஒருவர் சொன்னார். கிடைக்கும், நல்ல சாமானும்தான். ஆனால் ஷாஃப்ட் இறங்கும் பக்கம் டாட்ஜின் முன் ஆக்சிலோடு ஒத்துவர வேண்டும், ஹேண்ட் பிரேக்குக்கும் வின்ச்சுக்கும் வேறு வழி பார்க்க வேண்டும். என் வேலைக்கு அது சுற்றி வளைத்து மூக்கைத் தொடுவது.

ஆர்.சி. புத்தகத்தையும் ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுங்கள். அதில் இருப்பது இன்ஜின் எண், சேஸ் எண், எரிபொருள். கியர்பாக்ஸுக்கு எண் இல்லை. இன்ஜினையும் எரிபொருளையும் மாற்றினால் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வரும், முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். 2021-இல் வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். ஆனால் சேஸ், பாடி, இன்ஜின் மூலத்தில் இருந்தபடி இருக்க வேண்டும். பதிந்த பிறகு தினசரி ஓட்டத்துக்கோ வியாபாரத்துக்கோ ரோட்டில் எடுக்கக்கூடாது. காபி மூட்டையோடு விண்டேஜ் நம்பர் பலகையும் வேண்டும் என்றால் நடக்காது.

எனக்கு முடிவைக் கொண்டுவந்தது இந்த விதி இல்லை, மாமாதான். "வருஷத்துக்கு நாலு தடவ சேலம் எறங்கறதுக்கு ஏன் கண்ணு இந்தப் பாடு? மூட்டைய பிக்கப்புல அனுப்பு. இது தோட்டத்துலயே கெடக்கட்டும்" என்றார் ஒரு நாள். நான்கு தடவை. நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. ஒன்பதாவது வளைவையே நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அந்த வளைவுக்கு வண்டி போகத்தான் வேண்டுமா என்று தோன்றவில்லை.

வாரம் இரண்டு நடை சேலம் இறங்கும் வண்டியாக இருந்தால் மெக்கானிக் அண்ணன் பேச்சைத் தட்டாமல் 407 பெட்டியைப் போட்டிருப்பேன். அவர் இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார், எனக்கு அடுத்த தலைமுறை இருக்கிறது என்று நினைவூட்டுகிறார். நான் பழைய பெட்டியையே சரிசெய்யக் கொடுத்துவிட்டேன். வின்ச், ஹேண்ட் பிரேக் எதையும் தொட வேண்டியதில்லை. பின்னாளில் பவர் வேகன் டிரான்ஸ்ஃபர் ஒன்று எங்காவது பழைய இரும்பில் கண்ணில் பட்டால், சேற்றுத் தடத்துக்காக அதையும் சேர்ப்பேன். அப்போது ஹேண்ட் பிரேக்கை முதலில் யோசிப்பேன்.

மூன்றாவது கியர் ஜோடி இப்போது கோவையில் இருக்கிறது. டாட்ஜ் வயிற்றில் ஓட்டையோடு காபி களத்தின் ஓரம் நிற்கிறது. மாமா தினமும் காலையில் போய் ஸ்டியரிங்கின் பின்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறார். டபுள் கிளட்ச் கற்றுக்கொள்ள என்னை வரச்சொல்லியிருக்கிறார், பெட்டி வந்ததும்.